மாடியும் முன்றிலும்

லயத்தில் கிடப்பவனுக்கு மாடி வீடு கட்டித் தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறானே, இது நன்றிகெட்டதனம் அன்றி வேறென்ன என்று கேட்போர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களுள் பெரும்பாலோர் லயத்தில் ஓரிரவும் படுத்தறியாதவர். ஆயினும் அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. நமது மலையக இலக்கியமும், அதனைப் போற்றி வளர்த்த நமது விமர்சனமும், அறிந்தோ அறியாமலோ, அதே கேள்வியின் நிழலிலேயே இதுகாறும் நின்று வந்துள்ளன. லயத்தின் இருளை எழுதினோம். வீட்டுக்கான ஏக்கத்தை எழுதினோம். நீட்டப்பட்ட வீட்டை மறுத்து நிற்கும் மனிதனை எழுதுவதற்கு மட்டும் நம் பேனா தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சில தோட்டங்களில் பழைய லயங்களுக்கு மாற்றாக இருமாடிக் கட்டடங்கள் எழுந்தன. கட்டியவர்கள் அவற்றை மாடி வீடு என்றார்கள். குடிபோனவர்கள் மாடி லயம் என்றார்கள். ஒரு பெயரிலேயே முழு விமர்சனமும் அடங்கிவிட்டது! பின்னர் 2013 நவம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட 2014ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், தோட்ட மக்களுக்கு 50,000 வீடுகள் என்று அறிவித்தது. அவையும் மாடிகளாகவே அமையும் என்ற பேச்சு எழுந்ததும், மலையகத்துச் சமூக அமைப்புகளும் தொழிற்சங்கங்கள் சிலவும், மாடி வேண்டாம், காணியோடு தனி வீடு வேண்டும் என்று குரல் எழுப்பின. இருபது பேர்ச்சஸ் கேட்டோரும் உண்டு. 2015இல் ஆட்சி மாறியபோது ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது அரசாங்கத்தின் கொள்கையாயிற்று. கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு என்றாலும், மறுத்தவர்கள் அன்று ஓரளவு வென்றார்கள் என்பதே வரலாறு. அந்த வெற்றியை நாம் வெற்றியாக எழுதவில்லை. வீட்டைக் கையளித்த அமைச்சர்களின் படங்களோடு அது பத்திரிகைச் செய்தியாக முடிந்துவிட்டது.

இரண்டு மாடி என்ன பெரிய மலையா என்று கொழும்பிலிருந்து ஒருவர் நகைக்கலாம். அங்கே கட்டடத்தின் மிகையை மாடியைக் கொண்டு எண்ணுகிறார்கள். பெரகலச் சந்தியில் வந்து நின்று பார்த்தால் அவருடைய கணக்கு மாறும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக ஏறிவரும் வீதி இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் மேலே ஏறுகிறது. மற்றது கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகிறது. தெற்கே கீழ்நாடு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். காலடியிலோ சமதரை என்று ஒரு சாக்கு விரிப்பதற்கும் இடம் இராது. இங்கே வீடு கட்டுவதென்றால் சரிவை வெட்டித் தட்டு எடுக்க வேண்டும். வெட்டிய மண்மேடு வீட்டின் பின்சுவருக்கு எதிரே நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் அந்த மேடு நீரைக் குடித்துக் கனத்துப்போகும். நீர் வழிய ஒழுங்கான கான் இல்லையேல் மேடு வீட்டைத் தேடி வரும். அத்தகைய தட்டின்மேல் ஒரு குடும்பத்தின் பாரத்துக்குப் பதிலாக நான்கு, எட்டுக் குடும்பங்களின் பாரத்தை ஏற்றுவது எத்தகைய காரியம் என்பதைத் தெரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. மலைக்கு ஏற்ற அளவு வேறு, சமவெளிக்கு ஏற்ற அளவு வேறு.

மண்ணின் பாரம் ஒருபுறம் இருக்க, மாடியை மறுத்தவர்கள் சொன்ன காரணங்களுள் பல மிகச் சிறியவை. சிறியவையாதலால் அறிக்கைகளில் இடம்பெறாதவை. விறகை எங்கே அடுக்குவது? மாட்டை எங்கே கட்டுவது? நான்கு பாத்தி போஞ்சியும் முட்டைக்கோவாவும் எங்கே போடுவது? நாட்சம்பளத்தில் முடியாத மாதத்தை முடித்து வைப்பவை அந்தப் பாத்தியும் அந்த மாடுமே என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த எவரும் அறிவர். நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்துத் தேய்ந்த முழங்கால், மாலையில் இன்னும் பதினைந்து படி ஏற வேண்டுமா? மேல்வீட்டில் ஒரு கிழவர் இறந்தால் பெட்டியை அந்தப் படிக்கட்டில் எப்படித் திருப்புவது? மகனுக்குக் கலியாணம் ஆனால் லயத்துக்காரன் பின்புறம் நாலு தகரம் போட்டு ஒரு குசினியாவது இறக்குவான். மேல்மாடிக்காரன் எதை எங்கே இறக்குவான்? மேல்வீட்டுக் குளியலறை ஒழுகிக் கீழ்வீட்டுச் சுவர் ஊறினால் திருத்துவது யார்? கம்பனியைக் கேட்டால் அது நிதியத்தின் வேலை என்கும்; நிதியத்தைக் கேட்டால் கடன் கட்டுகிறவன் நீதானே என்கும். காணி அரசாங்கத்துக்கு, குத்தகை கம்பனிக்கு, கடன் தொழிலாளிக்கு. ஒழுக்கு மட்டும் எல்லோருக்கும் பொது.

இவற்றுக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதம் ஒன்றுதான்: காணி இல்லை. தேயிலைக் காணியை வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் தொழில் என்னாவது என்று கேட்டார்கள். வீதி, குடிநீர், மின்சாரம் ஆகியவற்றின் செலவும் மாடியில் குறையும் என்றார்கள். செலவைப் பற்றிய பேச்சில் நியாயம் உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் காணிப் பஞ்சம் என்ற பேச்சைத் தோட்டத்துப் பிள்ளைகூட நம்பாது. கவனிப்பாரற்று மானாப் புல் மண்டிக் கிடக்கும் பழைய தேயிலை மலைகளின் நடுவேதான் அது தினமும் பாடசாலைக்கு நடக்கிறது. துரை பங்களாவின் புற்றரை எத்தனை பேர்ச்சஸ் என்று எவரும் சங்கிலி பிடித்து அளந்ததாகக் கேள்வியில்லை. காணிப் பஞ்சம் லயத்துப் பக்கம் திரும்பும்போதுதான் பிறக்கிறது.

இனி இலக்கியத்துக்கு வருவோம்.

சி.வி. வேலுப்பிள்ளையின் நாவலின் பெயரே 'வீடற்றவன்' என்பது. 1981இல் நூலாக வந்தது. தோட்டத்தில் சங்கம் அமைக்க முனையும் தொழிலாளி வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கிறான் என்பதே அதன் சாரம். தோட்டத்து வீடு சம்பளத்தின் ஒரு பகுதியாக வைக்கப்பட்டிருப்பதை, துரைக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்றைச் சொன்ன மறுநாளே கூரை பறிபோகக்கூடும் என்பதை, அவ்வளவு தெளிவாகக் கண்டவர் அவர். காணாமல் இருக்க முடியுமா? 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தம்மைத் தெரிவு செய்த மக்களையே நாடற்றவராக்கியதை நேரில் பார்த்தவர். வீடின்மையையும் நாடின்மையையும் ஒரே நோயின் இரு குறிகளாக அவர் கண்டதில் வியப்பில்லை.

பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் வேறொரு வாசலால் நுழைந்தார். 'மீன்கள்' என்ற அவருடைய சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவுக்குள் படுத்துறங்க வேண்டிய பெற்றோரின் அவலத்தைக் கூச்சத்தோடும் கூச்சமின்றியும் ஒருங்கே சொல்லியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று ஆய்வாளர் எழுதும் அளவு, ஒரு தகப்பனின் மானத்தை எப்படித் தின்னுகிறது என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. அந்தக் கதை சொல்லும். தமிழ்ச் சிறுகதையில் இடநெருக்கடியை இத்தனை அருகில் நின்று காட்டியவை மிகச் சிலவே எனத் தயங்காமல் கூறலாம்.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' இன்னொரு சிகரம். அங்கே மானம் கொழுந்து மலையில், நிறுவைத் தராசின் முன்னே நிலைநாட்டப்படுகிறது. மலையகக் கதையில் எதிர்ப்பு என்றால் அது பெரும்பாலும் பிரட்டுக் களத்திலோ, கொழுந்து மலையிலோ, தொழிற்சாலை வாசலிலோ நிகழும். வீட்டுக்கு வந்ததும் மனிதர் அழுவர், இருமுவர், இருளில் விழித்துக் கிடப்பர். தொழிலாளி என்ற நிலையில் எதிர்த்து நிற்கும் அதே மனிதன், குடியிருப்பவன் என்ற நிலையில் வெறும் துன்பப்படுபவனாகிவிடுகிறான். நமது முற்போக்கு விமர்சனமும் இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது. வர்க்கப் போராட்டம் வேலைத்தளத்தில் நடப்பது, வீடு என்பது நலன்புரி விடயம் என்று நாம் ஏதோ ஒரு மூலையில் எண்ணிக்கொண்டிருந்தோம். முன்னோடிகளைக் குறை சொல்வது என் கருத்தன்று. அவர்கள் காலத்தில் மறுப்பதற்கு வீடே நீட்டப்படவில்லை! நமது காலத்தில் நீட்டப்பட்டிருக்கிறது.

வரலாற்றில் அந்த மறுப்பு இருந்தே வந்துள்ளது. 1946இல் கேகாலைப் பகுதியின் உருளவள்ளித் தோட்டக் காணி கிராம விரிவாக்கத்துக்கெனக் கையகப்படுத்தப்பட்டபோது, வெளியேற மறுத்த தொழிலாளர்மீது அத்துமீறிக் குடியிருந்ததாகச் சட்டம் பாய்ந்தது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் சந்ததியார் ஒரே கட்டளையில் அத்துமீறியவர்களானார்கள். பெருவேலைநிறுத்தம் ஒன்று அதிலிருந்து வெடித்தது. 1977 மே 11இல் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் விழுந்ததும், தோட்டக் காணிகளைப் பிரித்தெடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற போராட்டத்திலேதான். சம்பளத்துக்காக நடந்த போராட்டங்களோடு ஒப்பிட்டால் இவை இருப்பிடத்துக்காக நடந்தவை. நமது புனைகதை இவற்றின் பக்கம் திரும்பியது மிக அரிது.

மொழியையும் சற்றுப் பார்ப்போம். தமிழ் படித்தவன் பார்க்காமல் போக முடியாது. நம் முன்னோர் வீட்டையும் அது நின்ற நிலத்தையும் சேர்த்தே மனை என்றனர். மனைக்கு முன்னே கிடக்கும் வெளியை முன்றில் என்றனர். சங்கப் பாடல்களின் குறிஞ்சிச் சிறுகுடிகளில் முன்றில் இல்லாத வீடு உண்டா? தினை காய்வதும் பிள்ளை விளையாடுவதும் பலா பழுப்பதும் அங்கேதான். முன்றிலைப் பற்றிய ஒரு சொற்றொடராலேயே பெயர் பெற்ற புலவர் ஒருவர் இருக்கிறார்: குறுந்தொகையின் அணிலாடு முன்றிலார். ஆள் நீங்கிய வீட்டின் வெறுமையைச் சொல்ல அவருக்கு அறையோ கூரையோ நினைவுக்கு வரவில்லை, முன்றில்தான் வந்தது. இனி நமது தோட்டத்துச் சொற்களை அடுக்குங்கள்: லயம் ஆங்கிலத்திலிருந்து, காம்பரா போர்த்துக்கேயத்திலிருந்து, இஸ்தோப்பும் அவ்வாறே கடல் தாண்டி வந்தது. குறிஞ்சியில் வாழும் தமிழன் தன் வீட்டின் எந்தப் பகுதியையும் தன் மொழியில் சொல்ல முடியாதபடி அந்த வீடு வேறொருவனால் வேறொருவனுக்காக வரையப்பட்டது. (லயம் என்றால் இசையில் தாளவொழுங்கு, தத்துவத்தில் ஒடுங்கிப்போதல். இரண்டாவது பொருளை நம் மக்கள் அறிந்தே வைத்தார்களோ என்று சில வேளை தோன்றும்.) காம்பராவைச் சிறிது பெரிதாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது மனையாகிவிடாது. முன்றில் எங்கே என்று கேட்டவளே மாடியை மறுத்தவள். அவளுக்கு அந்தச் சொல் தெரியாதிருக்கலாம். கேள்வி அதுதான்.

வகுப்பில் 'எனது வீடு' என்று கட்டுரை எழுதச் சொன்னால் லயத்துப் பிள்ளைகள் எழுதுவதைப் படித்துப் பாருங்கள். வாசலில் கேற், இருபுறமும் பூச்செடி, வரவேற்பறை, தந்தைக்குத் தனி அறை. பாடநூலின் வீட்டை எழுதி நல்ல புள்ளி வாங்கிக்கொள்கிறார்கள். எந்தப் பிள்ளையும் மாடி எழுதுவதில்லை, காம்பராவும் எழுதுவதில்லை. பூச்செடியை மட்டும் எவரும் விடுவதில்லை.

மறுப்பைப் பற்றிப் பேசும்போது மீரியபெத்தையைத் தவிர்த்துவிட முடியாது. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கினால் வெகுதூரமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். பலருடைய உடல்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. அழிவு நேர்ந்த கையோடு எழுந்த குரல் எது? எச்சரித்தோம், அவர்கள் எழும்பவில்லை என்பது. மாடியை மறுத்தால் நன்றி கெட்டவன். லயத்தை விட்டு எழும்பாவிட்டால் சொற்கேளாதவன். இரண்டு குற்றச்சாட்டும் ஒரே வாயிலிருந்து வருபவை. எழும்பி எங்கே போவது என்ற வினாவுக்கு 2005 முதல் 2014 வரை ஒன்பது ஆண்டுகள் விடை இல்லை. தோட்டத்தில் ஓர் அடி நிலமும் அவர்களுடையதன்று. தோட்டத்துக்கு வெளியே வாங்கக் கையில் காசில்லை. தன்னுடையதல்லாத வீட்டிலிருந்து ஒருவன் தன் விருப்பத்தால் வெளியேறவில்லை என்று குற்றஞ்சாட்டுவது விசித்திரமான நீதி.

உயிர் தப்பியவர்கள் மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நாட்களைத் தள்ளினார்கள். 2016இல் அங்கே 75 தனி வீடுகள் கையளிக்கப்பட்டன. அவை ஏழு பேர்ச்சஸ் காணியில் நிற்பவை. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. தோட்டங்களில் கட்டப்பட்டுவரும் தனி வீட்டின் வழக்கமான அளவாகிய 550 சதுர அடியைக் கழித்தால் எஞ்சுவது ஒரு முன்றில், ஒரு பாத்தி, கோழிக்கூடு வைக்க ஒரு மூலை. வேலுப்பிள்ளை இருந்திருந்தால் அந்த மூலையைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தனை பேர் மண்ணுக்குள் போன பின்னர்தான் அந்த மூலை கிடைத்தது என்பதையும் அவர் எழுதாமல் விட்டிருக்கமாட்டார்.

நகரத்தாரின் எதிர்ப்புக்கும் தோட்டத்தாரின் எதிர்ப்புக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. நகரில் ஒரு தெருவுக்குள் அளவுக்கு மிஞ்சிய கட்டடம் எழப்போகிறதென்றால், அயலவர் மாநகர சபைக்கு எழுதலாம், வழக்குத் தொடுக்கலாம். அதற்கு அவர்களிடம் ஒரு முகவரி இருக்கிறது. தோட்டத்தானுக்குக் கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து அது எப்போது, எவர் கையில், எந்த நிலையில் வந்து சேரும் என்பது கந்தோரின் தயவு. வேலைக்கான நேர்முகக் கடிதம் நேர்முகம் முடிந்த பிறகு கையில் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அதனினும் பெரிய கொடுமை ஒன்று சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்தான் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம். சபை அவனுக்கு வீதி போட முடியாது! 2018இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் பின்னரே அந்தத் தடை நீங்கியது. முப்பது ஆண்டுகள் ஒரு மக்கட்கூட்டம் வாக்காளராக இருந்தும் குடியிருப்பாளராகக் கருதப்படவில்லை. அத்தகையவர்கள் ஒரு கட்டடத் திட்டத்துக்கு ஆட்சேபம் தெரிவித்தது, முதன்முதலாகத் தாங்கள் குடியிருப்பாளர் என்று அறிவித்ததற்குச் சமம். மாடிக்கு எதிரான குரலின் உண்மையான கனம் இங்கேதான் இருக்கிறது.

நகரத்து ஏழையின் கதி மேலானது என்று இதிலிருந்து எவரும் எண்ண வேண்டாம். 2001இல் வனாத்தமுல்லையில் 671 வீடுகளோடு எழுந்த சஹஸ்புர, கொழும்பின் குடிசைகளுக்கு விடையாக முன்வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் உயர்ந்த அடுக்குமாடிகளை நோக்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. 2010 மே மாதம் கொம்பனித் தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டபோது படையினர் காவல் நின்றார்கள். சென்னையின் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் குவிக்கப்பட்டவர்கள், அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தர மறுக்கிறார்கள் என்று முறையிடுகிறார்கள். முகவரி இல்லாதது ஒரு துன்பம், முகவரியே தீட்டாவது இன்னொரு துன்பம். இலண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கட்டடம் 2017 ஜூன் 14இல் எரிந்து 72 பேர் மாண்டதற்கு முன்னரே, அங்கு குடியிருந்தோர் தீ விபத்து நேரும் என்று எழுதி எச்சரித்திருந்தார்கள். செல்வம் கொழிக்கும் நகரில், ஆங்கிலத்தில் எழுதிய எச்சரிக்கையும் ஏழையின் கையெழுத்தாக இருந்தால் கந்தோர்க் கோப்பில் உறங்கும் போலும்.

சிங்கப்பூரைக் காட்டி வாதிடுவோர்க்கு ஒரு சொல். அங்கே மக்களில் பெரும்பாலோர் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடிகளில்தான் வாழ்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள். உண்மை. ஆனால் அங்கே வீட்டை வாங்கியவன் கையில் 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் இருக்கிறது. அவன் அதை விற்கலாம், பிள்ளைக்கு விடலாம். வேலை போனால் வீடு போகாது. நமது மாடி லயத்தில் ஏறியவன் கையில் என்ன இருந்தது? கடன் தவணைத் துண்டு. மாடி என்பதனாலேயே ஒரு வீடு இழிவாகிவிடாது. உறுதி இல்லாத மாடி, ஏணியை வைத்து ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போவதை ஒக்கும். மாடியை எதிர்த்த நம்மவருள் சிலர் இதைப் பிரித்துப் பார்க்காமல், மாடி தமிழனின் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்றெல்லாம் பேசினார்கள். அப்பேச்சு வெறும் அலங்காரம். மதுரையின் மாட மாளிகைகளைப் பாடிய மொழியில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா?

எதிர்ப்பு என்பதாலேயே எல்லா எதிர்ப்பும் முற்போக்கானதாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நமது அயலுக்குள் இத்தனை வீடு வேண்டாம் என்ற குரலுக்குள்ளே, நமது அயலுக்குள் இத்தகைய மனிதர் வேண்டாம் என்ற குரல் ஒளிந்திருப்பதுண்டு. உலகெங்கும் வசதியுள்ளோர் ஏழைகளின் குடியிருப்புத் திட்டங்களைப் போக்குவரத்து நெரிசல், குடிநீர், மரங்கள் என்ற நல்ல நல்ல சொற்களால் தடுத்து வந்துள்ளனர். மலையகத்திலும் தோட்டத்தான் லயத்தை விட்டுச் சந்தியில் காணி வாங்க வந்தால் முகஞ்சுளிப்போர் உண்டு; அவர்களுள் தோட்டத்திலிருந்து படித்து மேலேறிய நம்மவரும் உண்டு. இந்த இரு குரல்களையும் வேறு பிரித்தறிவதற்கு எளிய வழி ஒன்றிருக்கிறது. எதிர்ப்பவன் எங்கே படுக்கிறான் என்று பாருங்கள். கட்டப்போகும் வீட்டில் தானே வாழ வேண்டியவன் அதன் அளவைப் பற்றிப் பேசினால், அதைக் கேட்டேயாக வேண்டும். பிறர் வாழப்போகும் வீட்டின் அளவைப் பற்றி, தன் விறாந்தையில் சாய்ந்துகொண்டு பேசுபவனின் பேச்சைச் சந்தேகத்தோடு கேட்க வேண்டும்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கும் விழா நடந்தது. ஏழு பேர்ச்சஸ் பத்தாக வளர்ந்த பேச்சும் இடையில் வந்தது. அடுத்த மாதமே டித்வா புயல். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த அழிவில் பதுளை மாவட்டத்தின் மலைகளும் பல இடங்களில் சரிந்தன. பாதுகாப்பான நிலம் குறைவு என்பது இப்போது வெறும் சாக்கன்று, உண்மையும்கூட. அந்த உண்மையைப் பிடித்துக்கொண்டு பழைய மாடி வரைபடங்கள் மறுபடி விரிக்கப்படுவது எளிது. அப்போது பங்களாப் புற்றரை நிற்கும் உறுதியான தட்டு நிலமும் அளக்கப்படுமா, கொழுந்து விளையும் நல்ல மலையில் ஒரு துண்டு வீட்டுக்கு விடப்படுமா என்பதை யார் கேட்பது?

எழுதப்பட வேண்டிய கதையின் ஓர் ஓரம் இங்கே தெரிகிறது. தட்டெடுத்த மண்மேட்டின்மேல் வரைபடத்தை விரித்து நிற்கிறார் அதிகாரி. சுற்றிலும் பிரட்டு முடிந்து வந்த பெண்கள், தலையில் இன்னும் படங்குச் சாக்கு. கீழ்வீடு யாருக்கு, மேல்வீடு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கப் போகிறார்கள். தலைவர்கள் கைதட்டத் தயாராக நிற்கிறார்கள். ஒருத்தி முன்னே வந்து, "ஐயா, இந்த மேட்டுத் தண்ணி மழைக்கு எந்தப் பக்கமுங்க வடியும்?" என்று மட்டும் கேட்கிறாள்.

அவளுக்கு அதிகாரி சொல்லும் பதிலை எழுத வல்லவர் நம் இளம் எழுத்தாளருள் இருக்கிறார்கள். அவர்களின் கதை வரும்போது, அவளை நன்றிகெட்டவள் என்று சொல்லாமல் அதைப் படிக்க நாம் பழகியிருக்க வேண்டும்.